சுவர் மாறிய ஜன்னல்

எங்கள் கூட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு யாரும் யாருக்கும் பொருள் வாங்கித் தருவதில்லை. நாள் தருவோம்.

நாங்கள் ஒன்பது பேர். வருடம் முழுக்க அடுத்தவர்களுக்கு வீடு கட்டுகிறவர்கள். எங்கள் சொந்த வீடுகளை வந்து பார்த்தால் ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். மேஸ்திரி வீட்டுக் குளியலறைக்கு நாலு வருடம் கதவே கிடையாது, கோணிதான் தொங்கியது. பெயின்டர் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் அவர் பெண்டாட்டி கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார். பகலெல்லாம் கல்லும் கலவையும் சுமந்துவிட்டு வந்தால் காலை நீட்டத் தோன்றுமே தவிர, கரணையைக் கையில் எடுக்கத் தோன்றாது.

அதனால் டிசம்பர் பிறந்ததும் ஒன்பது பேர் பெயரையும் சீட்டில் எழுதி, மேஸ்திரியின் தொப்பியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டுக்கு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், மற்ற எட்டு பேரும் போய் ஒரு முழு நாள் உழைத்துவிட்டு வருவோம். எங்களில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. இந்த ஒரு நாளுக்கு மட்டும் யாரும் லீவு போட்டதில்லை.

ஒரே ஒரு சட்டம். அந்த நாளை வாங்கிக்கொள்கிறவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஒரு கல்லைத் தொடக் கூடாது. வேலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இதற்குக் காரணம் பிளம்பர். முதல் வருடம் அவருக்குத்தான் விழுந்தது. காலையிலிருந்து எல்லோர் பின்னாலும் போய், 'இப்படி இல்ல, அப்படி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பார்த்தால் சுவர் கோணல், நாலு பேர் அவரோடு பேச்சு இல்லை. மறு வருடமே நாற்காலி வந்துவிட்டது.

நான் கலவைச் சட்டி தூக்குகிறவன். இருபத்தாறு வருடமாகத் தூக்குகிறேன். வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துபோய்விட்டது. நாற்பத்து மூன்றாவது வயதில்தான் எழுத்துப் படித்தேன். படித்த புதிதில் சிமென்ட் மூட்டையில் இருப்பதையெல்லாம் சத்தம் போட்டு வாசித்தேன் என்று எனக்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏழு வருடம் என் பெயர் வரவில்லை. எட்டாவது வருடம் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நேராகச் சமையலறைக்குப் போய் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்கதான்" என்றாள்.

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியவை. எங்களுடையது நாலாவது. ஒன்பது அடி அகலம். முன்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் சந்து. ஆறு வீட்டிலும் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் நாள் நான் அவளிடம், "கட்டட வேலை செய்யறவன் நான். ஒரு ஜன்னல் வைக்க எத்தன நேரம் ஆகும்?" என்று கேட்டேனாம். பதினாறு வருடமாக அந்த வாக்கியத்தை என் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள்.

இருட்டோடு புகை வேறு. ஐந்தாவது வீட்டில் இஸ்திரிக்காரர் இருக்கிறார். தனி ஆள். முன்னறை முழுக்க ஊர்த்துணி குவிந்து கிடப்பதால் சமையலறையில் மேசை போட்டுத்தான் தேய்ப்பார். கரிப் பெட்டி. புகைக்கு வெளியே போக வழியில்லாமல், நடுச்சுவருக்கும் கூரைக்கும் இடையில் உள்ள இடுக்கு வழியாக எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். இரண்டு வருடம் முன்பு அதற்காகப் பெரிய சண்டை. அதிலிருந்து என் மனைவிக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. புகை வந்தால் இவள் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் பெட்டியை வைக்கும் கல்லால் மூன்று தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான் போக்குவரத்து.

மேஸ்திரி, இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து ஒரு ஜன்னல் எடுத்து வைத்திருந்தார். இரண்டு கதவு, ஐந்து கம்பி. பெயின்டர் வந்து, "அக்கா, என்ன கலர் அடிக்கட்டும்?" என்று கேட்டார்.

"நீலம்."

"வானத்து நீலமா? பள்ளிக்கூட பஸ் மாதிரி கருநீலமா?"

"வெள்ளத் துணிக்குப் போடற நீலம் இருக்கே, அது."

வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன். சுவர் விழாமல் இருந்தால் சரி என்றார். அன்றைக்கே அவள் சாக்பீஸால் சுவரில் ஒரு சதுரம் போட்டாள். அவள் இடுப்புக்குமேல் தொடங்கித் தலை உயரம் வரைக்கும், இஸ்திரிக்காரர் வீட்டு நடுச்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. அடுத்த இருபது நாளும் அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்றுதான் பாத்திரம் துடைத்தாள். நான் குறுக்கே போனால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்பாள்.

அந்த நாள் வந்தது. ஏழு மணிக்கே எட்டு பேரும் வந்துவிட்டார்கள். வந்ததும் நல்ல சட்டைகளைக் கழற்றி எங்கள் வாசல் ஆணியில் வரிசையாக மாட்டிவிட்டு வேலைத்துணிக்கு மாறினார்கள். பெயின்டர் நாற்காலியைத் துண்டால் துடைத்து, "உக்காருங்க மாப்பிள்ள" என்று என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சும்மா உக்காந்திருக்க எனக்கு வராதுய்யா."

"வாயத் திறந்தா கலவ வச்சு அடைச்சிருவோம்" என்றாள் சித்தாள் அக்கா. எங்கள் கூட்டத்தில் ஒரே பெண் அவள்தான். சொன்னால் செய்கிறவள்.

மேஸ்திரி உள்ளே போய் சாக்பீஸ் சதுரத்தைப் பார்த்தார். சாமான்கள் மேல் தூசி விழக் கூடாது என்று அவர்கள் சந்துப் பக்கமிருந்து இடிப்பதாகப் பேச்சு. அதற்கு வெளியே இருந்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சட்டைப்பையில் டேப் இருந்தது. ஆனால் டேப் எடுத்து அளப்பது மேஸ்திரிக்குக் கௌரவக் குறைச்சல். "முப்பது வருஷமா என் காலடி ஒரு இஞ்ச் தப்பினதில்ல" என்று சொல்லிவிட்டு, வரிசையின் முனையிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும், அங்கிருந்து சதுரம் வரைக்கும் காலடி வைத்து எண்ணினார். பிறகு சந்துக்குப் போய் அங்கும் முனையிலிருந்து அதே கணக்குக்கு எண்ணி நின்று, சுவரில் ஒரு கோடு போட்டார்.

முன்பக்கம் முனையில் முதல் வீட்டை ஒட்டி ஐந்தடி அகலத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. மேஸ்திரி அதையும் சேர்த்து எண்ணிவிட்டார். பின்பக்கம் தொட்டி கிடையாது. அவர் கோடு போட்டது எங்கள் வீட்டுச் சுவரில் இல்லை.

அது அப்போது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாசலில் நாற்காலியில் இருந்தேன்.

உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இத்தனை வருடம் கேட்ட சத்தம்தான். சும்மா உட்கார்ந்து கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது. என் மனைவி அடுப்பை முன்னறைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். நிமிஷத்துக்கொரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, சத்தம் இந்தப் போடு போடுது. சுவத்துல ஒரு பொட்டு மண்ணு உதிரலியே?"

"முதல்ல வெளிப்பக்கம்தான் இடிப்பாங்க. உள்பக்கம் கடைசில."

"பாத்திரம்கூட ஆடல."

"மேஸ்திரி கை அப்படி. பூ மாதிரி இடிப்பாரு."

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தம் கொஞ்சம் வலது பக்கமாக வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. சித்தாள் அக்கா என்று ஒருத்தி இருக்கிறாளே. உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு இஸ்திரிக்காரர் சைக்கிளில் வந்தார். கிறிஸ்துமஸ் துணிகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருகிறார். எப்போதும்போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், என் மனைவியைப் பார்க்காத மாதிரி பார்த்தார், பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

உளிச் சத்தம் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததைப் பெயின்டர் நூறு தடவையாவது நடித்துக் காட்டியிருக்கிறார். அதனால் நான் பார்த்த மாதிரியே சொல்லலாம். ஓட்டை முழுசாக விழுந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேஸ்திரி தலையை உள்ளே விட்டுப் பார்த்தால், என் மனைவி துணி போட்டு மூடி வைத்த பாத்திரங்கள் இல்லை. ஒரு மேசை. கரிப் பெட்டி. கொடியில் ஒரே ஒரு பழைய லுங்கி. ஆள் வருவதற்குள் அடைத்துவிடலாம் என்று கலவை குழைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மேஸ்திரியின் தலை இன்னும் ஓட்டையில்தான் இருந்தது.

"யாரு நீ?" என்றார் இஸ்திரிக்காரர்.

"மேஸ்திரி."

"என் வீட்டுச் சுவத்துல உன் தல ஏன் இருக்கு?"

மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெயின்டர்தான் பயத்தில் கத்தினார்: "ஹேப்பி கிறிஸ்துமஸ்ண்ணே!"

ஆற்றில் போகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்ணே. கிறிஸ்துமஸ் பரிசு. ஜன்னல்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"யாரு குடுத்தது?"

இங்கேதான் மேஸ்திரிக்குப் புத்தி போயிற்று. யாராவது பணக்காரர் என்று சொல்லியிருக்கலாம், சர்ச்சு என்று சொல்லியிருக்கலாம். அவர் கை தானாக எங்கள் வீட்டுப் பக்கம் நீண்டுவிட்டது. "பக்கத்து வீட்டம்மா."

"எந்தப் பக்கத்து வீட்டம்மா?"

"வாத்தியார் வீட்டம்மா."

மேசை மேல் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. இஸ்திரிக்காரர் அதில் கையை வைத்துப் பார்த்தாராம். திருப்பி வைத்தும் பார்த்தாராம். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்து, "இதுல மடிப்பு கோணலா விழுந்திருக்கே. இதையா பதினோரு வருஷமா நேரா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்?" என்றாராம்.

அதற்குள் பெயின்டர் சந்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்க வாங்க நடந்ததைச் சொன்னார். என் மனைவி கையில் கரண்டியோடு நின்றாள்.

"என் ஜன்னல அந்தாளுக்கா வச்சீங்க?"

"ஓட்ட மட்டும்தான்க்கா விழுந்திருக்கு. ஜன்னல் இன்னும் வெளியதான் சாஞ்சிருக்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு. மேஸ்திரி கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேங்கறாரு. மதியத்துக்குள்ள அத அடைச்சிட்டு, மதியத்துக்கு மேல உங்க சுவர உடைச்சி ஜன்னல மாட்டிடறோம். சத்தியமா."

"உங்க மேஸ்திரி காலடிய வெட்டி அடுப்புல வைக்கணும்."

"வைங்கக்கா. முதல்ல இத முடிங்க. அவரு வராரு."

இஸ்திரிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் படிக்குக் கீழே நின்றார். தலைமுடி, புருவம் எல்லாம் செங்கல் தூசி. என்னைப் பார்த்தார், பெயின்டரைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் மனைவியை நேராகப் பார்த்தார்.

"நெசமாவே நீதானாம்மா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று சொன்னால் பதினாறு வருடம் காத்திருந்த ஜன்னல் சாயங்காலம் அவள் சுவரில் இருக்கும். நியாயமும் அவள் பக்கம்தான். எனக்கே நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, நானாவது சொல்லிவிடலாம் என்று.

அவள் கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள்.

"ஆமா. ஏன், நல்லா இல்லையா?"

"நான் உனக்கு ஒண்ணும் வாங்கலியேம்மா" என்றார் அவர்.

"உங்கள யாரு வாங்கச் சொன்னது? புகை வெளிய போகட்டும்னுதான் வச்சேன். உங்களுக்காக ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டுக் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். "ஓட்ட மட்டும் இல்லண்ணே. கதவு, கம்பி எல்லாம் வெளிய இருக்கு. இனிமேதான் மாட்டுவாங்க. நீலம்."

அந்த 'நீலம்' என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான் அவள் உண்மையிலேயே அதைக் கொடுத்தாள் என்று எனக்குத் தோன்றியது.

"நீலமா!" என்றார் அவர். திரும்பி விறுவிறுவென்று சந்துக்குப் போனார், பார்ப்பதற்கு.

அவள் உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று நினைத்து எழுந்து பின்னாலேயே போனேன். நாற்காலியும் ஆச்சு சட்டமும் ஆச்சு. சமையலறை இருட்டில் சாக்பீஸ் சதுரத்துக்கு முன்னால் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு மூஞ்சியப் பாத்தீங்களா? 'நீலமா'ன்னு கேட்டாரே!"

"ஏன்டி, நீ கேட்ட ஜன்னல்டி அது."

"தெரியும். எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா என்னமோ சிரிப்பு சிரிப்பா வருது. அந்தாளுகிட்ட சண்ட போட்டு ஜெயிச்சப்பகூட இப்படி வரல. என்ன எழவு இது?"

எனக்கும் சிரிப்பு வந்தது. தோள் வலியோடு சிரித்தால் ஒரு பக்கமாகத்தான் சிரிக்க முடியும். அப்படியே சிரித்தேன்.

மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "தங்கச்சி, என்னை ரெண்டு அடி அடிச்சிரு."

"அடிக்க நேரமில்ல. மணி பதினொண்ணு ஆகுது. எனக்கு ஓட்ட எப்ப போடுவீங்க?"

"ஜன்னல் ஒண்ணுதானேம்மா இருந்தது."

"ஜன்னல் இல்லன்னா வெளிச்சம் வராதா? ஓட்டையா இருக்கட்டும். ஆனா இந்தத் தடவ டேப் வச்சு அளங்க."

அதற்குப் பிறகு நடந்த மாதிரி வேலையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. எட்டு பேர் இரண்டாகப் பிரிந்தார்கள். நாலு பேர் இஸ்திரிக்காரர் வீட்டில் ஜன்னலைத் தூக்கி நிறுத்தினார்கள். நாலு பேர் எங்கள் சுவரை உடைத்தார்கள். எங்கள் ஓட்டைக்கு மேலே தாங்குவதற்கு இரும்புப் பட்டை இல்லையென்று கம்பி வேலை செய்கிறவர் சைக்கிளில் போய் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்தார். நான் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. சித்தாள் அக்கா மட்டும், "மாப்பிள்ளைக்கு உக்காந்து உக்காந்து முட்டி துருப்பிடிச்சிருக்கும், எண்ணெ போடணும்" என்றாள். இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று யார் முதலில் முடிப்பது என்று கேலி பேசிக்கொண்டே வேலை போனது. பூசும்போது பெயின்டர் பாட வேறு செய்தார். அதை மட்டும் தாங்க முடியவில்லை.

இஸ்திரிக்காரர் முதல் ஒரு மணி நேரம் கல் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் ஆளைக் காணவில்லை. பெருமூச்சு மாதிரி கரிப் புகை வாசனை மட்டும் வந்தது. ஆனால் புகை எங்கள் பக்கம் வரவில்லை. நீல ஜன்னல் வழியாகச் சந்துக்குப் போய், சந்திலிருந்து மேலே போனது. என் மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"பாருங்க, ஒழுங்கா வழி காட்டினா ஒழுங்கா போகுது" என்றாள், பிள்ளையைச் சொல்கிற மாதிரி.

வெயில் சாய்கிற நேரத்தில் எங்கள் ஓட்டையும் முடிந்தது. நாலு பக்கமும் பூசி, ஓரத்தை வழுவழுவென்று தேய்த்துவிட்டார்கள். சமையலறைக்குள் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. அடுப்புக்குப் பின்னால் எத்தனை கரி படிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "அய்யய்யோ, இத்தன நாள் இதுக்குள்ளயா சமைச்சேன்?" என்று உடனே துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு பேரும் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட வாசலுக்கு வந்தார்கள். ஆணியில் சட்டைகள் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது இஸ்திரிக்காரர் வெளியே வந்தார். இரண்டு கையையும் நீட்டி, அதன்மேல் எட்டுச் சட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் தேய்த்து, மடித்து, காலர் நிமிர்ந்து, கத்தி மாதிரி மடிப்பு.

"வெளிச்சத்துல தேய்ச்சது" என்றார். "தப்பிருந்தா சொல்லுங்க."

பெயின்டர் தன் சட்டையை விரித்துப் பார்த்தார். "அண்ணே, என் கல்யாணத்தன்னிக்குக்கூட இது இப்படி இருந்ததில்ல. இதப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி கதவு திறக்க மாட்டா, யாரோ ஆபீசர்னு."

சித்தாள் அக்கா மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் இஸ்திரிக்காரர் எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, எனக்குக் கம்பி, கதவு எல்லாம் இருக்கு. உனக்கு ஏன் வெறும் ஓட்டையா இருக்கு?"

எட்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். மேஸ்திரி தன் சட்டைப் பொத்தானை ரொம்பக் கவனமாக எண்ணினார். என் மனைவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எனக்குக் கம்பி பிடிக்காதுண்ணே. ஜெயில் மாதிரி இருக்கும். தலைய வெளிய நீட்டிப் பாக்கணும் எனக்கு. அதான் வேணாம்னுட்டேன்."

"பூன வருமே."

"வரட்டும். கிறிஸ்துமஸுக்கு நமக்கும் ஒரு விருந்தாளி வேணாமா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அன்றைக்கும் மறுநாளும் ஓட்டைக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தேன். பூனை உண்மையாகவே வந்தது. பலகையைத் தள்ளிவிட்டுப் பாலைக் குடித்துவிட்டுப் போனது. "விருந்தாளி வந்தாச்சு" என்றேன். ஈரத்துணியால் என்னை அடித்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை நான் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் புறப்பட்டு நின்றேன். அவளைக் காணவில்லை. சமையலறையில் போய்ப் பார்த்தால் இடுப்புக்குமேல் ஆளே இல்லை, ஓட்டைக்கு வெளியே போயிருக்கிறது. யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இடம் பிடித்துத் தலையை நீட்டினேன்.

பக்கத்து ஜன்னலில் இஸ்திரிக்காரர். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை அதில் அழுத்தி எங்கள் பக்கம் பார்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மூக்கு மட்டும் வெளியே வந்தது.

"நீ சொன்னது சரிதாம்மா. ரெண்டு நாளா பாக்கறேன். கம்பி இருந்தா தலைய நீட்ட முடியல. உன் முகம் தெரியாமப் பேசற மாதிரியே இருக்கு. உன்னோடதுதான் நல்ல ஜன்னல்."

அவள் உள்ளே தலையை இழுத்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த நிமிஷமே மறுபடியும் தலையை வெளியே விட்டாள்.

"அண்ணே, அதுல ரெண்டு கம்பிய எடுத்துட்டா போச்சு. இருங்க." உள்ளே திரும்பி, "ஏங்க, ஆக்ஸா பிளேடு எங்க?" என்றாள்.

"இப்பவா? சர்ச்சுக்கு நேரமாச்சுடி. புதுச்சட்ட வேற."

"கழட்டி வச்சிட்டுப் போங்க. பரிசக் கிறிஸ்துமஸ் முடிஞ்சதுக்கப்புறமா குடுப்பாங்க?"

சட்டையைக் கழற்றி வைத்தேன். பனியனோடு சந்தில் நின்று நீலக் கம்பியை அறுக்க ஆரம்பித்தேன். ஆடாமல் இருக்க உள்ளே இருந்து இஸ்திரிக்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்று என் மனைவி ஓட்டையிலிருந்து பாதி உடம்பை நீட்டி வேலை சொன்னாள். சர்ச்சு மணி அடித்தபோது ஒரு கம்பிதான் அறுந்திருந்தது. அவர் உடனே அந்த இடைவெளியில் தலையை விட்டுப் பார்த்தார். காது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"இன்னொண்ணையும் அறுங்க" என்றாள் அவள். "அண்ணன் காது மாட்டிக்கிட்டிருக்கு பாருங்க."